மெலிவொலியும் பத்து இராகங்களும்

பழமை ஒன்றையே பெருமையாகக் கொள்ளும் வழக்கம் எல்லா மக்களிடத்தும் உண்டு. ஒரு கலையோ கருவியோ எங்கே முதலில் தோன்றியது என்ற வினா எழுந்தவுடன், “எங்களிடமே” என்று விடை கூறப் பலர் முந்துவர். அவ்விடை சில வேளைகளில் முழு உண்மையாக இருக்கும். சில வேளைகளில் பாதி உண்மையாக நின்றுவிடும். பாதி உண்மையை முழு உண்மையாகக் கற்பிப்பது வரலாற்றுக்கும் கேடு; கற்கும் மாணவர்க்கும் கேடு.

அண்மைக்கால மின்னிசை வரலாற்றில் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. ‘ஆசிட் ஹவுஸ்’ என்பது மின்கருவிகளின் துணையால் ஆக்கப்படும் ஒரு நடன இசைவகை. ஆசிட் என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் அமிலமே நினைவிற்கு வரும். இவ்விசைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் சிகாகோ நகர் என்றும், பிறந்த ஆண்டு 1987 என்றும் இசைநூலார் எழுதி வந்தனர். 2010ஆம் ஆண்டில் பழைய இந்திய இசைத்தட்டு ஒன்று மறுபதிப்பாக வெளிவந்தது. 1982இல் மும்பையில் ஒலிப்பதிவான அத்தட்டில் ஏறத்தாழ அதே ஓசை கேட்டது. “ஆசிட் ஹவுஸின் தாயகம் சிகாகோ அன்று, இந்தியாவே” என்ற பேச்சு உடனே எழுந்தது. இப்பேச்சு எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வது, இசையறிவுக்கு மட்டுமன்றி வரலாற்றை ஆராயும் முறைக்கும் பயன் தரும்.

மெலிவு என்னும் நிலை

ஒலி நிற்கும் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர் பழந்தமிழர். வடமொழி வழக்கில் இவற்றை மந்தரம், மத்தியம், தாரம் என்பர். மேலைநாட்டார் ‘பேஸ்’ என்று கூறுவது இவற்றுள் மெலிவின்பாற் படுவதாகும்.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளை உணரும். நொடிக்கு 50 அதிர்வுள்ள மெலிவொலி ஒன்றை எடுத்துக்கொண்டால், காற்றில் அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இத்துணை நீண்ட அலை மரத்தையும் வீட்டையும் வளைந்து கடந்துவிடும். தொலைவில் நடைபெறும் திருவிழாவின் நாதசுவர ஓசை காதுக்கு எட்டாதபோதும் முழவோசை எட்டிவிடுவதற்கு இதுவே காரணம். அருகில் நிற்பவர்க்கோ அது செவியால் கேட்பதோடு நில்லாமல் நெஞ்சிலும் அதிரும்.

கெடா மாநிலத் தமிழர்க்கு இதனை ஏட்டால் விளக்க வேண்டுவதில்லை. அலோர் ஸ்டார் நெல்வயல் நாடு. தெற்கே சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரங்கள் ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்தவை. இங்கெல்லாம் குடியேறிய தமிழர் தம் தெய்வங்களோடு தம் தோற்கருவிகளையும் போற்றி வந்தனர். தைப்பூசக் காவடியின் முன்னே முழங்கும் உறுமியை அறியாத தமிழர் மலேசியாவில் அரியர். இருமுகமுள்ள அக்கருவியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை வளைந்த கோலால் தேய்ப்பர். அடிக்கும்போது எழுவது தாளம். தேய்க்கும்போது எழுவது உறுமல். அவ்வுறுமல் ஒரே நிலையில் நில்லாது வழுக்கி ஏறும், இறங்கும். மெலிவில் நின்று வழுக்கிச் செல்லும் இவ்வோசையை மனத்திற் கொண்டால், ஆசிட் ஹவுஸின் ஒலியியல்பை அறிவது எளிது. அவ்விசையின் உயிரும் வழுக்கிச் செல்லும் மெலிவொலியே. உறுமியில் அதனைத் தோலும் கோலும் செய்கின்றன. இங்கே மின்பொறி செய்கின்றது.

தோல்வியுற்ற ஒரு பொறி

அப்பொறியின் பெயர் டிபி-303. அதனைச் செய்தது ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்டு. ஒசாகாவில் 1972இல் இக்குத்தாரோ காக்கேஹாஷி நிறுவிய நிறுவனம் அது. பொறியை வடிவமைத்தவர் தாடாவோ கிக்குமோட்டோ. 1981இல் அது கடைகளுக்கு வந்தது.

அதன் நோக்கம் மிக எளியது. தனியே அமர்ந்து கித்தார் பயில்வோருக்கு, பேஸ் கித்தார் வாசிக்கும் துணைவர் ஒருவர் வேண்டும். அத்துணைவர் இல்லாக் குறையைப் பொறி நிறைவு செய்யும் என்று எண்ணினர். வேண்டிய சுரங்களை முன்னரே பதித்து வைத்தால், பதினாறு படிகள் கொண்ட வரிசையாக அவற்றைப் பொறி திரும்பத் திரும்ப இசைக்கும்.

பொறி எழுப்பும் அடிப்படை அலை இருவகை: இரம்பப் பல் வடிவம் ஒன்று, சதுர வடிவம் மற்றொன்று. இரண்டும் மேற்சுரங்கள் செறிந்த கரடான ஒலிகள். அவற்றை ஒரு மின்வடிகட்டி வழியே செலுத்தி, உயர்ந்த அதிர்வுகளை வேண்டுமளவு நீக்குவர். ஒரு குமிழைத் திருகினால் ஒலி மங்கும். எதிர்ப்புறம் திருகினால் கூர்மை பெறும். மற்றொரு குமிழ், நீக்கும் எல்லையை ஒட்டிய அதிர்வுகளை மட்டும் மிகுவிக்கும். அதனை முழுதும் திருப்பினால் ஒலி நீரொழுக்குப் போலவும் கீச்சொலி போலவும் திரியும். ஒரு சுரத்தை அழுத்தி ஒலிப்பிக்கவும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் வழுக்கிச் செல்லவும் அதில் வழி உண்டு. நம் இசைவாணர் கமகங்களுள் ‘ஜாரு’ என்று வழங்குவதை இவ்வழுக்கல் ஒருவாறு ஒத்திருக்கும்.

எண்ணிய நோக்கம் நிறைவேறவில்லை. பொறியின் ஓசை பேஸ் கித்தாரின் ஓசையைச் சற்றும் ஒக்கவில்லை. சுரங்களைப் பதிக்கும் முறையும் எளிதாக இல்லை. ஏறத்தாழ 10,000 பொறிகள் செய்யப்பட்ட பின்னர், 1984இல் உற்பத்தி நின்றது. இதற்கிடையே, பல நிறுவனத்தாரின் மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘மிடி’ என்னும் பொதுமுறை 1983இல் நடைமுறைக்கு வந்தது. அம்முறை இல்லாத பழைய பொறிகளின் மதிப்பு விழுந்தது. பழம்பொருட் கடைகளில் அவை மலிவாகக் கிடைத்தன. இந்த மலிவே பின்னர் ஓர் இசைவகை பிறக்கக் காரணமாயிற்று.

மும்பைக் கலைஞர்

இப்பொறி புதிதாக இருந்தபோதே அதனை வாங்கியவர்களுள் ஒருவர் சரண்ஜித் சிங். மும்பைத் திரைப்பட இசைக்குழுக்களில் பல்லாண்டு பணியாற்றியவர். ஆர். டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கித்தாரும், பேஸ் கித்தாரும், விசைப்பலகைக் கருவிகளும் வாசித்தவர். மேடைகளிலும் மணவிழாக்களிலும் தம் குழுவோடு திரைப்பாடல்களை வாசித்து வந்தவர்.

டிபி-303 பொறியை அவர் வாங்கியது சிங்கப்பூரில். இந்தியாவில் அந்நாளில் எளிதிற் கிடைக்காத மின்னிசைக் கருவிகள், வணிகத் துறைமுகமாகிய சிங்கப்பூர்க் கடைகளில் கிடைத்தன. மும்பையில் ஆகிய ஒரு புதுமைக்கு வேண்டிய கருவி இத்தீபகற்பத்தின் தென்கோடியிலிருந்து சென்றது என்பது நினைக்கத்தக்கது. அதனோடு டிஆர்-808 என்னும் தாளப்பொறியும், ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்க வல்ல ஜூப்பிட்டர்-8 என்னும் விசைப்பலகையும் அவரிடம் இருந்தன. இம்மூன்றையும் ஒரே காலக்கணக்கில் ஓடும்படி இணைக்க இயலும்.

1980களின் தொடக்கத்தில் இந்தித் திரைப்பாடல்களில் டிஸ்கோ தாளம் மிகுந்திருந்தது. அத்தாளத்தோடு இந்திய இராகங்களை இசைத்தால் என்ன என்று சிங் எண்ணினார். தபலாவை விலக்கினார், தாளத்தைப் பொறியிடம் விட்டார். 1982இல் ஒலிப்பதிவான அவ்விசையை இந்திய கிராமபோன் நிறுவனம் தன் எச்எம்வி முத்திரையோடு வெளியிட்டது. ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது அதன் பெயர், டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்பது பொருள். அன்று அதனை வாங்கியவர் சிலரே. தட்டு மறக்கப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. நெதர்லாந்து நாட்டவராகிய எடோ பௌமன் என்னும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர், 2002இல் இந்தியக் கடை ஒன்றில் இதனைக் கண்டெடுத்தார். பின்னர் மும்பையில் சிங்கையும் நேரிற் கண்டார். 2010இல் ‘பாம்பே கனெக்சன்’ என்னும் தம் வெளியீட்டகத்தின் வழி மறுபதிப்புச் செய்தார். கேட்டவர் திகைத்தனர். இக்காலத்தார் எவரோ செய்து பழைய தட்டென்று கூறி ஏமாற்றுகின்றனர் என்று ஐயுற்றவரும் உண்டு. தட்டு உண்மையானதே. முதுமையில் புகழ்பெற்ற சிங், ஐரோப்பிய மேடைகளிலும் இவ்விசையை வாசித்து, 2015இல் மும்பையில் மறைந்தார்.

பத்து இராகங்கள்

தட்டில் உள்ளவை பைரவி, லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேகமல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்னும் இந்துஸ்தானி இராகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். இவற்றுட் பல தமிழர் செவிக்குப் பழகியவையே. பூபாளியின் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்கள். மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம். யமன் நமக்குக் கல்யாணி. பூபாளி, மால்கௌன்ஸ், கலாவதி, பைராகி ஆகிய நான்கும் ஐந்து சுரங்களால் ஆனவை. ஏழு சுரம் உடையதைப் பண் என்றும், ஐந்து சுரம் உடையதைத் திறம் என்றும் பகுத்த தமிழிசை மரபில் இவை திறங்களாகும்.

இவ்விடத்து ஒன்றைக் கருத வேண்டும். இந்துஸ்தானித் தோடியும் கருநாடகத் தோடியும் பெயரால் ஒன்று, சுரத்தால் வேறு. வடநாட்டுத் தோடியின் சுரங்கள் நம்மிடத்துச் சுபபந்துவராளிக்கு உரியவை. வடநாட்டுப் பைரவிக்கோ நம் தோடியின் சுரங்கள் அடிப்படை. வடநாட்டுப் பூபாளி மோகனமாக, நம் பூபாளமோ முற்றும் வேறான இராகமாக உள்ளது. பெயர் ஒத்திருப்பதால் பொருள் ஒத்திருக்கும் என்று கொண்டால் மாணவன் வழிதவறுவான். பெயருக்குப் பொருந்தும் இவ்வெச்சரிக்கை ஓசைக்கும் பொருந்துமா என்பதைச் சிகாகோ வரலாறு காட்டும்.

சிகாகோவில் நிகழ்ந்தது

1979 ஜூலை 12 அன்று சிகாகோ நகரின் பந்தாட்டத் திடல் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். டிஸ்கோ ஒழிந்தது என்று பலர் கருதினர். ஆயின் அதே நகரில் கறுப்பின இளைஞர் கூடிய நடனக் கூடங்களில் அது வேறு வடிவில் உயிர்வாழ்ந்தது. 1977இல் தொடங்கிய ‘வேர்ஹவுஸ்’ என்னும் கூடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற இசைப்பெயர் பிறந்தது என்பர்.

1985 அளவில் டிஜே பியர், எர்ல் ஸ்பேங்கி ஸ்மித், ஹெர்பர்ட் ஜாக்சன் என்னும் மூவர் ‘பியூச்சர்’ என்ற குழுவாகக் கூடினர். பழைய டிபி-303 ஒன்று அவர்களிடம் வந்தது. பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களை எல்லை வரை திருகினர். நான்கைந்து சுரங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் நிறம் மாறிக்கொண்டே சென்றது. அதனை ஒலிநாடாவில் பதித்து, ‘மியூசிக் பாக்ஸ்’ என்னும் கூடத்தில் இசைத்தட்டுகளை இயக்கிய ரான் ஹார்டியிடம் கொடுத்தனர். ஒரே இரவில் அவர் அதனை நான்கு முறை ஒலிபரப்பினார் என்றும், முதலில் கலைந்து சென்ற கூட்டம் நான்காம் முறை ஆர்ப்பரித்தது என்றும் கூறுவர். 1987இல் அது ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பெயரில் தட்டாக வெளிவந்தது. 11 நிமிடங்களுக்கு மேல் நீளும் அவ்விசையில் பாடல் இல்லை. இன்னிசைக் கோவையும் இல்லை. தாளமும் மெலிவொலியுமே உண்டு. அடுத்த ஆண்டிலேயே அவ்வகை இசை இங்கிலாந்தின் இளைஞரிடையே தீயெனப் பரவியது. 1994இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், திறந்தவெளியில் இரவு முழுதும் கூடி இத்தகைய இசை கேட்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அளவுக்கு அதன் செல்வாக்கு வளர்ந்தது.

ஒப்புமையும் வழிமுறையும்

இனி வழக்கிற்கு வருதல் தகும். சிங்கின் தட்டு காலத்தால் முந்தியது என்பதில் ஐயமில்லை. ஒரே பொறி, ஒரே வகைத் தாளம், ஒத்த ஓசை. இவ்வளவும் உண்மை. ஆயின் சிகாகோ இளைஞர் சிங்கின் தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. இந்தியாவிலேயே சிலரே வாங்கிய தட்டு அது. டிபி-303 பொறியைத் தொடக்கத்திலேயே கையாண்டவர் சிங் ஒருவர் மட்டும் அல்லர். ‘ஆரஞ்சு ஜூஸ்’ என்னும் ஸ்காத்லாந்துக் குழுவினர் 1983இல் வெளியிட்ட பாடலிலும் அதன் ஓசை உண்டு. ஒரே ஆற்றின் நீரை மூன்று ஊரார் முகந்தால், ஓரூரார் குடத்திலிருந்து மற்றவர் எடுத்தனர் என்று கூறல் பொருந்தாது. அவர்களுக்குப் பொதுவானது பொறியே.

இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை பயின்றோர், ஆங்கே கருவிகள் இசைக்கும் முறைவைப்பை அறிவர். குழலின் வழியே யாழ் நிற்கும். யாழின் வழியே தண்ணுமை நிற்கும். அதன் பின்னே முழவு நிற்கும். இன்னிசை முன் செல்ல, முழக்கம் பின் செல்வது அம்மரபு. சிங்கின் இசையும் இம்முறையிலேயே நிற்கின்றது. ஜூப்பிட்டர் விசைப்பலகை இராகத்தை ஆலாபனை போல் விரித்துச் செல்கின்றது. டிபி-303 அவ்விராகத்தின் சுரங்களை மெலிவில் தொடுத்து அதனைத் தாங்குகின்றது. தாளப்பொறி இரண்டையும் தொடர்கின்றது. கருவிகள் புதியவை, முறை பழையது.

சிகாகோ இளைஞர் செய்தது இம்முறையைத் தலைகீழாக்கியதே. அங்கே குழலும் இல்லை, யாழும் இல்லை. பின்னே நின்ற மெலிவொலி முன்னே வந்து தலைமை ஏற்றது. சுரம் மாறாமல் ஒலியின் நிறம் மாறுவதே அங்கே இசையின் வளர்ச்சியாயிற்று. சிங்கின் இசையில் கேட்போர் மனம் இராகத்தின் போக்கைத் தொடரும். ‘ஆசிட் டிராக்ஸ்’ இசையில் குமிழின் திருப்பத்தைத் தொடரும். ஓசையால் ஒத்த இரண்டும் அமைப்பால் வேறு என்பது இதனாற் பெறப்படும். தோடியும் தோடியும் பெயரால் ஒத்துச் சுரத்தால் வேறுபட்டது போன்றதே இது.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வுகளை அறிந்தோர்க்கு இவ்வாராய்ச்சி முறை புதிதன்று. 1960 அளவில் சீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தைக் காண்பவர்க்குத் தமிழகத்துக் கோயிலமைப்பு நினைவிற்கு வரலாம். ஆயினும் அதனை எழுப்பியோர் யார், எக்காலத்தார் என்பதனைக் கல்லையும் மண்ணையும் அங்கே கிடைத்த பொருள்களையும் ஆய்ந்தே அறிஞர் கூறுவர். தோற்ற ஒற்றுமை ஒன்றையே கொண்டு தீர்ப்புக் கூறார். கற்கோயிலுக்கு வேண்டும் சான்று இசைக்கும் வேண்டும்.

சிங்கிற்கு உரிய பெருமை

அங்ஙனமாயின் சரண்ஜித் சிங்கின் பெருமை குறைந்துவிடுமோ எனின், குறையாது. பிறர் கண்ட இசைவகைக்கு அவரைத் தந்தையாக்க முயல்வதே அவர் தம் பெருமையைக் குறைப்பதாகும். பேஸ் கித்தாருக்கு மாற்றாகச் செய்யப்பட்டுத் தோல்வியுற்ற ஒரு பொறியில், இராகம் பேச இடமுண்டு என்று கண்டவர் அவர். அதன் வழுக்கலில் கமகத்தின் சாயலையும், அதன் ஓயாத சுழற்சியில் சுருதிபோல் தாங்கும் ஆற்றலையும் பயன்கொண்டவர். அவருக்குச் சிகாகோவின் சான்றிதழ் தேவையில்லை. அவ்வாறே, இசைக்கல்லூரி காணாத சிகாகோ இளைஞர், பிறர் கழித்த பொறியைக் கொண்டு மெலிவொலிக்கே தலைமை தந்தனர். அவர்தம் ஆக்கமும் கடன் வாங்கியதன்று.

முன்னே தோன்றியது எல்லாம் மூலம் ஆகாது. ஒத்திருப்பது எல்லாம் வழிவந்தது ஆகாது. காலத்தால் முந்தியது எது என்பதற்கு ஆண்டுக் குறிப்பு விடை தரும். எதிலிருந்து எது வந்தது என்பதற்கோ, கைமாறிய வழி தெரிய வேண்டும். இவ்விரு வினாக்களையும் வேறுபடுத்திக் காண மாணவனுக்குக் கற்பித்தால், தமிழின் உண்மையான தொன்மையையும் அவன் சான்றோடு நிலைநாட்டுவான். பிறர் மறுக்கும்போது வாய்மூடி நில்லான். வகுப்பில் மோகனத்தைப் பாடிக் காட்டும் ஆசிரியர், அதனை அடுத்துச் சிங்கின் பூபாளியையும், அதன் பின் ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டையும், இறுதியில் நம் ஊர் உறுமியையும் கேட்கச் செய்யலாம். எவை ஒத்தவை, எவை வேறானவை என்று மாணவரே செவியால் பகுத்து எழுதட்டும். அவ்வொரு பாடத்தில் இசையும் வரலாறும் ஒருங்கே விளங்கும்.